பெட்டிக்குள் ஒரு விளக்கு

கணினிப் பெட்டியின் உள்ளே வர்ண விளக்குகளைப் பூட்டி, பக்கத்துக் கண்ணாடியின் வழியே அவற்றைக் கண்டு மகிழும் வழக்கம் எமது நாட்டு இளைஞரிடையேயும் வேரூன்றிவிட்டது. கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள யூனிற்றி பிளாசாவுக்குச் சென்று, அங்குள்ள கடைகளில் நீலமும் ஊதாவுமாய் ஒளிரும் பெட்டிகளைக் கண்டு திரும்பிய மாணவன், நானாட்டானில் தன் வீட்டு மேசையில் இருக்கும் பழைய கரும்பெட்டியைப் பார்த்து ஏக்கங்கொள்வதில் வியப்பில்லை. ஆனால், "படிக்க வாங்கின பெட்டிக்கு என்னத்துக்கு அலங்காரம்?" என்று தந்தையார் கேட்கின்றார். "பெடியன் ஆசைப்படுறான், செய்யட்டுமன்" என்று தாயார் இடையில் நிற்கின்றார். விதைநெல்லுக்கும் உரத்துக்கும் பணம் தேட வேண்டிய குடும்பத்தில் இஃது அற்ப விஷயமன்று. ஆதலின் இவ்வாரம் இவ்வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். பெட்டிக்குள் எத்தனை விளக்குப் பூட்டினும், கணினி ஒரு கணக்கையேனும் விரைந்து செய்யப்போவதில்லை. அலங்காரம் அலங்காரமே. ஆகவே "இதனால் கணினியின் வேகம் கூடும்" என்று தந்தையாரிடம் கூறி இணங்க வைக்க எண்ணும் மாணவன், வாதத்தைத் தொடங்கும் முன்னரே தோற்றவனாவான். அலங்காரத்துக்காகவே வாதாடுதல் நேர்மையானது. அவ்வாறு வாதாடுவதற்கு நியாயங்களும் உண்டு.

தந்தையாரின் பக்கம்

தந்தையாரின் கோபத்தைக் கஞ்சத்தனம் என்று எண்ணுதல் தவறு. 1990 ஆம் ஆண்டிற்குப் பின்னர், போரின் காரணமாக வடபகுதி ஊர்கள் பலவற்றில் மின்சாரம் இல்லாது போயிற்று. மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலத்தில் ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் பஞ்சும் இட்டு ஏற்றிய விளக்கின் முன் அமர்ந்தே எம் தலைமுறைப் பிள்ளைகள் பலர் சோதனைக்குப் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட வீடுகளும் உண்டு. அதற்குப் பின்னரும், 2022 மார்ச்சு மாத இறுதியிலே, நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டோம். ஒளியின் அருமையை இவ்வாறு கற்றுக்கொண்ட ஒருவர், வேலையின்றி எரியும் விளக்கைக் கண்டால் எழுந்து சென்று ஆளியை அணைக்கவே செய்வார்.

ஆயினும் அந்த ஜாம் போத்தல் விளக்கைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அதுவும் கண்ணாடிக்குள் ஏற்றிய விளக்குத்தானே! அதனைச் செய்தவர்கள் ஓர் இரவுக்கு எத்தனை துளி எண்ணெய் செல்லும், திரி எவ்வளவு தடிப்பாக இருத்தல் வேண்டும், காற்று உள்ளே செல்ல எவ்வளவு இடைவெளி தேவை என்பனவற்றையெல்லாம் கணக்கிட்டே செய்தனர். இன்று மகனிடம் தந்தை எதிர்பார்க்க வேண்டியதும் அந்தக் கணக்கையே என்பது எமது கருத்து. கணக்குடன் ஏற்றும் விளக்கு வீண் விளக்கு ஆகாது.

கூட்டுக்குள் ஏற்றிய விளக்கு

ஒரு கூட்டை அமைத்து அதனுள்ளே விளக்கேற்றி அழகு பார்த்தல் எமது தீவுக்குப் புதியதன்று. வெசாக் காலத்தில் மூங்கிற் சலாகையாற் கூடு கட்டி, மெல்லிய வர்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். மன்னார்ப் பகுதியிலே நத்தார் வந்துவிட்டால் வாசல்தோறும் நட்சத்திரக் கூடு தொங்கும். பாலன் குடிலின் வைக்கோலுக்கிடையே சிறு குமிழ்கள் மின்னும். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் செல்வோர் வீதியின் இரு மருங்கும் மின்னலங்காரத்தைக் காண்பர். இவற்றை எவரும் வீண் என்று கூறுவதில்லை.

கொழும்பிலும் பிற நகரங்களிலும் கட்டப்படும் வெசாக் தோரணங்களோ பெரிய மின்னியல் பாடங்கள். ஆயிரக்கணக்கான குமிழ்கள் அலையலையாய் எரிந்து அணையும். பழைய முறைத் தோரணங்களின் பின்புறத்தே, செப்புத்தகடு பதித்த மர உருளையொன்று சுழலும். தகடு தொடும் இடத்தில் மின்சுற்று மூடும். தகடு இல்லாத இடத்தில் அது திறக்கும். தகட்டை எங்கே பதிப்பது என்பதே அந்த ஒளிநடனத்தின் சூத்திரம். கணினி அறியாத கைவினைஞர், கணினிக்குரிய எரிதல், அணைதல் என்னும் இரு நிலைகளை மட்டும் கொண்டே அத்தனை கோலத்தையும் எழுதினர்.

கணினியின் வரலாற்றிலும் விளக்கு முதலில் அலங்காரமாக வரவில்லை. 1964 இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 வகைப் பெருங்கணினிகளின் முகப்பிலே வரிசை வரிசையாகச் சிறு விளக்குகள் இருந்தன. 1975 இல் வெளிவந்த அல்ற்றேயர் 8800 என்னும் சிறு கணினிக்குத் திரையே இல்லை. முகப்பு விளக்குகளில் எவை எரிகின்றன, எவை அணைந்துள்ளன என்று பார்த்தே விடையை அறிந்தார்கள். திரை வந்த பின்னர் விளக்குகளுக்கு வேலை குறைந்தது. கணினியும் நெடுங்காலம் மங்கிய வெண்ணிறப் பெட்டியாய் மேசைக்கடியில் ஒதுங்கிற்று. 1998 இல் அப்பிள் நிறுவனம் நீலப்பச்சை நிறத்தில், உள்ளுறுப்புகள் ஓரளவு தெரியும்படி ஐமாக் கணினியை வெளியிட்டபோது, பெட்டியின் உள்ளும் பார்க்கத்தக்கதே என்ற எண்ணம் வலுப்பெற்றது. அதனை அடுத்த ஆண்டுகளிலே ஆர்வலர்கள் பெட்டியின் பக்கத் தகட்டை அறுத்துப் பேர்ஸ்பெக்ஸ் பதித்து, உள்ளே குளிர்முனைக் குழல்விளக்குகளைப் பூட்டினார்கள். அக்குழல்களை எரிக்கப் பல நூறு வோல்ற்று மின்னழுத்தம் தேவைப்பட்டது. அத்தொல்லையை நீக்கியது ஒளிகாலும் இருவாயி. எமது பாடநூல்கள் அவ்வாறு கூறும், கடையிலே எல்.ஈ.டி. என்று கேட்க வேண்டும்.

நீல நிறம் தந்த முப்பது ஆண்டு

மாணவர்கள் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்றல் நன்று. 1907 இல் ஹென்றி றவுண்ட் என்னும் ஆங்கிலேயர், கார்பொரண்டம் என்னும் பளிங்கிலே மின்னோட்டம் செலுத்தியபோது அது மெல்ல ஒளிரக் கண்டார். 1927 இல் ரஷ்யாவைச் சேர்ந்த ஒலெக் லோசெவ் அதனை ஆராய்ந்து எழுதினார். அவர் 1942 இல் லெனின்கிராட் முற்றுகையின்போது இறந்தார். கண்ணுக்குத் தெரியும் செவ்வொளியைத் தரும் இருவாயியை 1962 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் ஆய்வுகூடத்தில் நிக் ஹோலன்யாக் செய்து காட்டினார். பச்சையும் பின்னர் வந்தது. பிரகாசமான நீலம் மட்டும் வரவில்லை.

நீல ஒளியின் துணிக்கைக்குச் சக்தி அதிகம். அதனைத் தரவல்ல குறைகடத்தியைக் குற்றமின்றி வளர்த்தெடுத்தல் அரிதாயிருந்தது. கல்லியம் நைத்திரைட்டு என்னும் பொருளைப் பலர் முயன்று கைவிட்டனர். கைவிடாதவர் மூவர். நகோயாப் பல்கலைக்கழகத்தில் இசாமு அக்காசாக்கியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும், தொக்குஷிமாவில் நிச்சியா என்னும் நிறுவனத்தில் சூஜி நக்காமுராவும் பல்லாண்டு உழைத்தனர். 1993 இல் நிச்சியா பிரகாசமான நீல இருவாயியை வெளியிட்டது. செந்நிறம் வந்து முப்பது ஆண்டுகளின் பின்னரே இது கைகூடிற்று. 2014 இல் அம்மூவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரு நிறத்துக்கு ஏன் இத்தனை சிறப்பு? எமது கண்ணில் நிறமறியும் கலங்கள் மூவகை. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளையும் வேண்டிய அளவிற் கலந்தால், ஏறத்தாழ எல்லா நிறங்களையும் கண்ணுக்குக் காட்டிவிடலாம். மூன்றிலொன்று இல்லையேல் வெண்மையும் இல்லை. இன்று ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் வைக்கின்றார்கள். 256 ஐ மும்முறை பெருக்கினால் வருவது 1,67,77,216. பெட்டியின் மேல் "ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நிறங்கள்" என்று எழுதியிருப்பதன் பொருள் இதுவே. படிகளைக் கூட்டிக் குறைப்பதற்கு விளக்கை விரைவாக எரித்து அணைக்கின்றார்கள். அணைந்திருக்கும் நேரம் கூடினால், கண் அதனை மங்கல் என்று கொள்கிறது.

இவ்விளக்குகளில் இரு சாதிகள் உண்டு. ஒன்றில், பட்டி முழுவதும் ஒரே நிறமாய் எரியும். மற்றையதில் ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிறம் காட்டும். ஒவ்வொன்றனுள்ளும் நுண்ணிய சில்லு ஒன்று இருக்கும். இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கோயில் அன்னதானப் பந்தியை நினைத்தால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வாழையிலைக் கட்டை முதலாமவர் கையிற் கொடுத்தால், அவர் தமக்குரிய ஓரிலையை எடுத்துக்கொண்டு எஞ்சிய கட்டை அடுத்தவரிடம் கொடுப்பார். அவரும் அவ்வாறே செய்வார். வரிசையில் வரும் தகவலில் முதல் விளக்கு தனக்குரிய 24 துண்டங்களை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த விளக்குக்கு அனுப்புகிறது. ஒரே ஒரு தகவற் கம்பியில் முழுப் பட்டியும் ஆளப்படுவது இதனாலேயே. பந்தியில் நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டால் அவருக்கப்பால் இலை செல்லாததுபோல, இடையில் ஒரு விளக்குப் பழுதானால் அதற்கப்பால் உள்ளவை பெரும்பாலும் நின்றுவிடும்.

முதலில் காற்று

இனிச் செய்முறைக்கு வருவோம். விளக்கை நினைக்குமுன் காற்றை நினைத்தல் வேண்டும். மன்னார்த் தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாற்று வலுவில் 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையத்தை யாவரும் அறிவர். அதனைச் சுழற்றும் அதே சோழகக் காற்றே நானாட்டான், வங்காலை, முருங்கன் வீடுகளுக்குள் வயற்புழுதியையும் கடலோரத்து உப்பீரத்தையும் கொண்டு வந்து சேர்க்கிறது. கணினிப் பெட்டியின் உள்ளே அத்தூசி படிந்தால் வெப்பம் வெளியேறாது; வெப்பம் வெளியேறாவிடின் கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்; இறுதியில் நின்றும் போகும்.

குளிர்காற்று முன்புறத்தால் நுழைந்து, பின்புறத்தாலும் மேற்புறத்தாலும் வெளியேறுதல் வேண்டும். உள்ளிழுக்கும் விசிறிகளின் பலம் வெளித்தள்ளும் விசிறிகளின் பலத்தினும் சற்றுக் கூடியிருந்து, உள்ளிழுக்கும் வாயிலில் நுண்வலையும் இருந்தால், இடுக்குகளின் வழியே தூசி புகுவது குறையும். விளக்குப் பட்டியையோ அதன் கம்பிகளையோ இவ்வழியிற் குறுக்காகக் கட்டலாகாது. துப்புரவு செய்யும்போது மின்தொடர்பை அகற்றி, மென்தூரிகையால் துடைக்க. காற்றூதிச் சுத்தம் செய்வதாயின் விசிறியின் இதழ்களை விரலாற் பிடித்துக்கொள்க.

இவ்விடத்திலேதான் விளக்கு ஓர் உபகாரம் செய்கிறது. மூடிய இரும்புப் பெட்டிக்குள் இரண்டு வருடத் தூசி இருந்தாலும் எவருக்கும் தெரியாது. கண்ணாடியும் விளக்கும் வந்துவிட்டால், ஒரு மாதத் தூசியும் வீட்டுக்கு வருவோர் கண்ணுக்குத் தெரியும். தாறுமாறாய்க் கிடக்கும் கம்பிகளும் தெரியும். உள்ளே விளக்கேற்றியவன் உள்ளத்தைச் சுத்தமாக வைத்திருந்தாலன்றி மானம் போகும் என்று ஞானிகள் கூறுவர். கணினிக்கும் அஃது அப்படியே பொருந்தும்.

பின்னர் மின்கணக்கு

கணினியின் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றை வாங்கி 12, 5, 3.3 வோல்ற்றுகளாக உள்ளே வழங்குகிறது. அம்மின்வழங்கியின் கூட்டை மாத்திரம் எக்காரணங்கொண்டும் திறத்தலாகாது. மின்தொடர்பை அகற்றிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். வெளியே வரும் நான்கு துளை மொலெக்ஸ் முனையில் மஞ்சட் கம்பி 12 வோல்ற்று. சிவப்பு 5 வோல்ற்று. நடுவிலுள்ள இரண்டு கறுப்பும் திரும்பு வழி. புதிய தாய்ப்பலகைகளில் விளக்குக்கெனத் தனி முனைகள் உண்டு. ஒரே நிறப் பட்டிக்குரியது நான்கு முள், 12 வோல்ற்று. தனித்தனி நிறப் பட்டிக்குரியது மூன்று முள், 5 வோல்ற்று. மூன்று முள் பட்டியை 12 வோல்ற்று முனையில் வலிந்து செருகினால், பட்டி அந்தக் கணமே அழிந்துபோகும். உருவம் பொருந்தாத ஒன்றை அழுத்திச் செருகாதிருத்தல் மின்னியலின் முதற் பாடம்.

இப்போது கணக்கு. மீற்றருக்கு 60 விளக்குள்ள சாதாரண 12 வோல்ற்றுப் பட்டியில், விளக்குகள் மூன்று மூன்றாகத் தொடுக்கப்பட்டுத் தடையிகளுடன் இருக்கும். மூன்று நிறமும் முழுப் பிரகாசத்தில் எரியும்போது அத்தகைய ஒரு தொகுதி ஏறத்தாழ 60 மில்லி அம்பியர் எடுக்கும். பெட்டிக்கு அரை மீற்றர் போதும்; அதில் 10 தொகுதி; ஆக 0.6 அம்பியர். அதனை 12 ஆற் பெருக்கினால் 7.2 வாற்று. நாளுக்கு 4 மணித்தியாலம் வீதம் 30 நாள் எரித்தால், மாதத்துக்கு ஓர் அலகினும் குறைவான மின்சாரமே செல்லும். தந்தையார் பட்டியலில் இதனைத் தேடினாலும் காண்பது அரிது.

5 வோல்ற்றுத் தனிநிறப் பட்டியின் கணக்கு வேறு. அதில் ஒவ்வொரு விளக்குமே 60 மில்லி அம்பியர் வரை எடுக்கும். 30 விளக்குக்கு 1.8 அம்பியர். தாய்ப்பலகைகள் பலவற்றில் அம்முனை 3 அம்பியர் வரையே தாங்கும். சிலவற்றில் அதனினும் குறைவு. ஆதலின் பட்டிக்கு மேற் பட்டியாகத் தொடுத்துக்கொண்டே போகாமல், தாய்ப்பலகையின் கைந்நூலைப் பார்த்து எல்லையை அறிதல் வேண்டும். பழைய கணினியில் இம்முனைகள் இரா. அங்கே மொலெக்ஸ் முனையிலிருந்து, பட்டிக்குப் பொருந்திய சிறு கட்டுப்படுத்தி ஒன்றின் வழியே மின் எடுக்கலாம். ஒரே வார்ப்பாய்ச் செய்த மலிவான இடைமாற்றி முனைகள் சூடேறிக் கருகியதுண்டு, அவற்றை விலக்குக.

வீட்டின் மின்னிணைப்பையும் கவனித்தல் வேண்டும். மூன்று முள் செருகியை இரண்டு முள்ளாக்கி உபயோகிக்கும் வீடுகளில், கணினியின் உலோகப் பெட்டியைத் தொடும்போது விரலிற் சுரீர் என்னும். புவித்தொடுப்பு இல்லை என்பதன் அறிகுறி அது. வர்ண விளக்கு வாங்குமுன், உரிமம் பெற்ற மின்தொழிலாளரை அழைத்து அதனைச் சீர்செய்தல் பெற்றோரின் கடமை. மின்வெட்டின்போது கணினியைத் தாங்கும் யூ.பி.எஸ். சாதனம் உள்ளவர்கள், அது வேலை செய்யும் வேளையில் விளக்கை அணைத்துவிடுக.

பழைய இரும்புத் தகட்டை அறுத்துச் சாளரம் வைக்க விரும்புவோர், தகட்டைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோய் அறுத்தல் வேண்டும். இரும்புத்தூள் ஒன்று தாய்ப்பலகையில் விழுந்தாலும் குறுஞ்சுற்று உண்டாகும். கண்ணாடிக் கதவுள்ள பெட்டி வாங்கியோர், கதவைக் கழற்றி ரைல்ஸ் தரையில் நிறுத்தலாகாது. வன்மையூட்டிய கண்ணாடி, ஓரத்திற் சிறு அடி பட்டாலும் முழுதும் பொடியாகும். ஒரு பழைய துணியை மடித்து அதன்மேற் கிடத்துக.

கடைசியில் விளக்கு

விளக்கைப் பூட்டும்போது பட்டி கண்ணுக்குத் தெரியாமலும், அதன் ஒளி மட்டும் உறுப்புகளின் மேல் விழும்படியும் அமைத்தல் அழகு. பெட்டியின் மேல் விளிம்பிலோ கதவின் ஓரத்திலோ உட்புறம் நோக்கி ஒட்டுக. ஒரு நிறம், மிஞ்சினால் இரண்டு நிறம் போதும். ஏழு நிறமும் ஓயாது ஓடினால் அது திருவிழாக் கடை போலாகும். இரவிற் படிக்கும்போது அசையாத மங்கலான மஞ்சளொளி ஏற்றது, அல்லது அணைத்துவிடலாம். நள்ளிரவில் நீல ஒளியை உற்று நோக்கியிருப்பது உறக்கத்தைத் தாமதிக்கச் செய்யும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு.

ஆக, வழக்கின் தீர்ப்பு யாது? பிள்ளை கடையிலிருந்து ஆயத்தமாய் ஒளிரும் பெட்டி ஒன்றை வாங்கிக் கேட்டால், தந்தையார் மறுப்பதிலே நியாயமுண்டு. தன் பழைய பெட்டியைத் தானே திறந்து, துடைத்து, கம்பிகளை ஒழுங்காகக் கட்டி, கணக்குப் போட்டு விளக்கேற்ற விரும்பினால், அவன் கேட்பது ஒரு சிறு தொழிற்கூடத்தை. மூடி கழற்றப்படாத பெட்டிக்கு முன் பத்து வருடம் அமர்ந்திருப்பவன் கணினியை உபயோகிப்பவன் மட்டுமே. மூடியைக் கழற்றியவனுக்கு அதனைப் பழுதுபார்க்கும் நாளும் வரும். எமது ஊருக்கு அத்தகையோர் வேண்டும்.

ஆகவே தந்தையர் தம் பிள்ளையிடம் மூன்று வினாக்களைக் கேட்பாராக. காற்று எவ்வழியால் நுழைந்து எவ்வழியால் வெளியேறும்? பட்டி 12 வோல்ற்றா, 5 வோல்ற்றா? அது எத்தனை அம்பியர் எடுக்கும்? மூன்றுக்கும் கடதாசியில் விடை எழுதிக் காட்டினானாயின், பணத்தைக் கொடுக்கலாம். அரை மீற்றருக்கு மாத்திரம்.